இன்வெர்ட்டர் பேட்டரி வோல்டேஜ்: ஹோம் அசிஸ்டன்ட் காட்டும் எண் சரியில்லை என்றால் எங்கே தேடுவது

வீட்டு இன்வெர்ட்டரின் 12 வோல்ட் ட்யூபுலர் பேட்டரி, அதிலிருந்து வரும் இரண்டு மெல்லிய வயர், இரண்டு ரெசிஸ்டர், வைஃபை உள்ள சின்ன ஈஎஸ்பி32 போர்டு ஒன்று, அதில் ஓடும் ஈஎஸ்பிஹோம் மென்பொருள், எண்ணை வாங்கித் திரையில் காட்ட ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டுக் கண்காணிப்பு மென்பொருள். வீட்டில் பேட்டரியைக் கண்காணிக்க நினைக்கும் பலரும் போடும் அமைப்பு இதுதான். செலவு குறைவு, ஒரு மாலை நேரத்தில் வேலை முடிந்துவிடும். தொல்லை அதற்குப் பிறகுதான் தொடங்கும். எண் ஆடும், உறைந்து நிற்கும், கரண்ட் போன நேரமாகப் பார்த்துக் காணாமல் போகும். எண் கச்சிதமாக இருந்தும் பேட்டரி அரை மணி நேரத்தில் கைவிரித்துவிடுவதும் உண்டு.

எந்த அறிகுறியாக இருந்தாலும் தேடும் முறை ஒன்றுதான். பேட்டரியின் ஈய டெர்மினலில் ஒரு வோல்டேஜ் இருக்கிறது. அது வயர் வழியாக ரெசிஸ்டருக்கு வருகிறது, அங்கே சிறிதாகிச் சிப்பின் 'பின்' எனப்படும் உலோகக் காலுக்குப் போகிறது, பிறகு எண்ணாகித் திரைக்கு வருகிறது. இந்த நான்கு இடங்களையும் மல்டிமீட்டரோடு வரிசையாகத் தொட்டுப் பாருங்கள். எந்த இரண்டு இடங்களுக்கு நடுவில் கணக்கு உதைக்கிறதோ, கோளாறு அங்கேதான். அளக்காமல் மென்பொருளில் எண்ணைத் திருத்துவதில் எனக்கு உடன்பாடே இல்லை. அது உண்மையான கோளாறை மூடி மறைத்துவிடும்.

கை வைப்பதற்கு முன்

150 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரியின் இரண்டு டெர்மினலையும் ஒரே ஸ்பேனர் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். மோதிரம், வளையல், உலோகப் பட்டை வைத்த வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். அளவெடுக்கும் பாசிட்டிவ் வயரில், டெர்மினலிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 1 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தாக வேண்டும். போர்டின் பக்கம் ஃபியூஸ் வைத்துப் பயனில்லை. வழியில் வயர் நசுங்கி ஷார்ட் ஆனால் அந்த வயர்தான் எரியும். சார்ஜ் ஏறும்போது பேட்டரி ஹைட்ரஜனை வெளியிடும், அதனால் சால்டரிங் வேலையை வேறு அறையில் முடித்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்று முக்கியம். கனமான டிரான்ஸ்ஃபார்மர் உள்ள சாதாரண வீட்டு இன்வெர்ட்டரில் பேட்டரிப் பக்கம் மெயின் லைனிலிருந்து பிரிந்திருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத சில யுபிஎஸ்களில் அப்படிப் பிரிந்திருக்காது. பேட்டரி டெர்மினலைத் தொட்டாலே ஷாக் அடிக்கலாம். உங்களுடையது எந்த வகை என்று உறுதியாகத் தெரியாதவரை போர்டை யுஎஸ்பி வழியே லேப்டாப்போடு இணைக்காதீர்கள்.

எந்த எண் சரியான எண்?

லெட் ஆசிட் பேட்டரிக்கு மூன்று நிலைகள்: ஓய்வு, சார்ஜ், லோடு. ஒரே பேட்டரி மூன்றிலும் மூன்று விதமாகப் பேசும். முழுதாக ஏறி, சில மணி நேரம் எதுவும் இணையாமல் ஓய்ந்திருந்தால் 12.5 முதல் 12.7 வரை. பாதி தீர்ந்திருந்தால் 12.2 அக்கம்பக்கம். 11.9க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. சார்ஜில் இருக்கும்போது, பேட்டரி நிறைந்த பிறகு 13.5 முதல் 13.8 வரை நிற்கும். வேகமாக ஏறும் கட்டத்தில் 14.4, சில இன்வெர்ட்டர்களில் அதற்குச் சற்று மேலே. லோடில் 12.3க்கும் 11.5க்கும் நடுவில் இறங்கிக்கொண்டே வரும், 10.5 வோல்டை ஒட்டி இன்வெர்ட்டர் தானாகவே நிறுத்திக்கொள்ளும்.

'முழு' என்பதற்கு ஒரே எண் ஏன் இல்லை என்று கேட்டால், காரணம் உள்ளே ஊற்றியிருக்கும் ஆசிட்டின் அடர்த்தி. ஒரு செல்லின் ஓய்வு வோல்டேஜ் அடர்த்தி எண்ணோடு 0.84ஐக் கூட்டினால் வருவதற்கு மிக நெருக்கமாக இருக்கும். 1.240 அடர்த்தி ஊற்றிய பேட்டரியில் செல்லுக்கு 2.08, ஆறு செல்லுக்கு 12.48. 1.265 என்றால் 12.63. அதனால் உங்கள் பேட்டரி நிறைந்த பிறகும் 12.5 தாண்டவில்லை என்றால் உடனே பயப்பட வேண்டாம். பேட்டரி மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அடர்த்தி எண் எவ்வளவு என்று பாருங்கள்.

எண்ணே வரவில்லை, அல்லது 0.00 என்றே நிற்கிறது

திரையில் 'கிடைக்கவில்லை' என்று இருந்தால் போர்டே ஹோம் அசிஸ்டன்டோடு பேசவில்லை. வோல்டேஜ் பக்கம் போகாதீர்கள். வைஃபையையும் போர்டுக்கு வரும் 5 வோல்டையும் பாருங்கள். 'தெரியவில்லை' என்று இருந்தால் போர்டு பேசுகிறது, முதல் அளவு இன்னும் வரவில்லை. ஈஎஸ்பிஹோமில் ஏடிசி (வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) சென்சார் நாம் மாற்றாதவரை 60 வினாடிக்கு ஒருமுறைதான் அளக்கும். ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்கலாம்.

0.00 அல்லது அர்த்தமில்லாத சின்ன எண் வந்தால் ஃபியூஸைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால் அடுத்தது கிரவுண்ட். போர்டுக்குத் தனி மொபைல் சார்ஜரில் கரண்ட் கொடுத்திருப்பவர்கள் பேட்டரியின் நெகட்டிவைப் போர்டின் கிரவுண்டோடு இணைக்க மறந்துவிடுவதுண்டு. அந்த ஒரு வயர் இல்லாமல் எந்த அளவும் வராது. மூன்றாவதாகப் பின். ஈஎஸ்பி32ல் ஜிபிஐஓ (பின்னின் எண்) 0, 2, 4, 12 முதல் 15, 25 முதல் 27 வரையுள்ள பின்கள் இரண்டாவது ஏடிசியைச் சேர்ந்தவை, வைஃபை ஓடும்போது அதை நம்ப முடியாது. வோல்டேஜ் வயரை 32 முதல் 39 வரையுள்ள பின்களில் ஒன்றுக்கு மாற்றுங்கள். நான் 34 அல்லது 35ஐத்தான் எடுப்பேன். அவை உள்வாங்க மட்டுமே தெரிந்த பின்கள், தவறுதலாக வெளியே வோல்டேஜ் தள்ளாது.

ஏடிஎஸ்1115 மாதிரி தனி ஏடிசி சிப் வைத்திருப்பவர்கள் போர்டு கிளம்பும்போது வரும் லாக் பதிவைப் படியுங்கள். முகவரிப் பின் கிரவுண்டில் இருந்தால் அந்தச் சிப் ஹெக்ஸில் (பதினாறடி எண் முறையில்) 48 என்ற முகவரியில் தென்பட வேண்டும். பட்டியலில் அது இல்லை என்றால் பெரும்பாலும் டேட்டா வயரும் கிளாக் வயரும் இடம் மாறியிருக்கும்.

எப்போதும் அரை வோல்ட் தள்ளியே காட்டுகிறது

அதிகம் பேரைக் குழப்பும் அறிகுறி இது. நிதானமாகப் பார்த்தால் எளிதில் தீர்வதும் இதுதான்.

12 வோல்டை ஈஎஸ்பி32 நேராகத் தாங்காது. அதனால் இரண்டு ரெசிஸ்டரில் பிரிக்கிறோம். என் பரிந்துரை மேலே (பேட்டரி பாசிட்டிவ் பக்கம்) 100 கிலோ ஓம், கீழே (கிரவுண்ட் பக்கம்) 15 கிலோ ஓம். இதில் 12.7 வோல்ட் 1.66 ஆகவும், 14.4 வோல்ட் 1.88 ஆகவும், 16 வோல்டே வந்தாலும் 2.09 ஆகவும் பின்னில் விழும். திரும்பப் பெருக்க வேண்டிய எண் 115ஐ 15ஆல் வகுத்தது, அதாவது 7.667. பேட்டரியிலிருந்து இது எடுத்துக்கொள்வது 0.11 மில்லி ஆம்பியர்தான்.

இந்தப் பெருக்கல் எண் சரியாக இருக்க ரெசிஸ்டர்கள் சரியாக இருக்க வேண்டும். தங்கப் பட்டை போட்ட ரெசிஸ்டர் 5 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். இரண்டும் எதிரெதிர்த் திசையில் தவறினால் மொத்தப் பிழை 9 சதவீதம் வரை போகும், 12.6 வோல்டில் அது 1.1 வோல்ட். முழு பேட்டரியைக் காலி என்று காட்ட அது போதும். 1 சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் போட்டால் அதே பிழை ஏறக்குறைய 0.2 வோல்டில் அடங்கிவிடும். விலை வித்தியாசம் சில ரூபாய்தான், கட்டாயம் மாற்றுங்கள்.

அடுத்தது சிப். ஈஎஸ்பி32க்குள் ஏடிசி ஒப்பிட்டுப் பார்க்கும் அடிப்படை வோல்டேஜ் 1100 மில்லி வோல்ட் என்று சொல்லப்பட்டாலும், சிப்புக்குச் சிப் அது 1000 முதல் 1200 வரை வேறுபடும். இதற்கான திருத்த எண்ணைத் தொழிற்சாலையிலேயே சிப்புக்குள் பதித்துவிடுகிறார்கள், ஈஎஸ்பிஹோமும் அதை எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகும் சிறு பிழை மிஞ்சும். ஒரு போர்டில் சரியாக வேலை செய்த எண்ணை இன்னொரு போர்டில் அப்படியே ஒட்டினால் தள்ளிக் காட்டுவது இதனால்தான்.

சரிசெய்ய இரண்டு புள்ளிகள் வேண்டும். ஒன்றை சார்ஜ் ஏறும்போது எடுங்கள், 14ஐ ஒட்டி. இன்னொன்றை மெயினை அணைத்துவிட்டு இரண்டு ஃபேன், சில விளக்குகள் ஓடும்போது எடுங்கள், 12ஐ ஒட்டி. மல்டிமீட்டர் முனைகளை ஒரு கையால் டெர்மினலில் பிடித்துக்கொண்டு, மீட்டரும் திரையும் ஒரே நேரத்தில் என்ன காட்டுகின்றன என்று எழுதிக்கொள்ளுங்கள். இந்த இரண்டு ஜோடிகளையும் ஈஎஸ்பிஹோமின் நேர்கோட்டுத் திருத்த ஃபில்டரில் கொடுங்கள். ஃபில்டர்கள் எழுதிய வரிசைப்படியே ஓடும்: பெருக்கல் முதலில், திருத்தம் அடுத்து, சராசரி கடைசியில். பெருக்குவதற்கு முன்னால் உள்ள எண்களைத் திருத்தத்துக்குக் கொடுத்துவிட்டு, திருத்தத்தைப் பெருக்கலுக்குப் பின்னால் வைத்தால் எண் எங்கோ போய் நிற்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். மல்டிமீட்டருக்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரி தளர்ந்திருந்தால் மலிவான மீட்டர்கள் உண்மையைவிடக் கூட்டியே காட்டும். புது பேட்டரி போட்டுவிட்டு அளக்கத் தொடங்குங்கள். இன்னொன்று, அந்த மீட்டர்களின் உள்தடை பெரும்பாலும் 1 மெகா ஓம்தான். அதை வைத்துச் சிப்பின் பின்னில் நேரடியாக அளந்தால் ரெசிஸ்டர்களின் தடையோடு சேர்ந்து ஒரு சதவீதத்துக்கு மேல் குறைத்துக் காட்டும். பேட்டரி டெர்மினலில் அளப்பதற்கு அந்தத் தொல்லை இல்லை.

12.3 வரை சரி, அதற்கு மேலே தப்பு

கடைகளில் '0 முதல் 25 வோல்ட் சென்சார்' என்று விற்கும் சின்ன மாட்யூலை வாங்கியவர்களிடம் இந்த அறிகுறியைப் பார்க்கலாம். அதற்குள் இருப்பது 30 கிலோ ஓமும் 7.5 கிலோ ஓமும்தான்; ஐந்தில் ஒரு பங்காகப் பிரிக்கும். 25 வோல்டுக்கு 5 வோல்ட் வரும்படி, 5 வோல்டில் ஓடும் ஆர்டுயினோ போர்டுக்காகச் செய்தது. ஈஎஸ்பி32ன் ஏடிசி அதிகபட்ச அட்டென்யுவேஷனில் (உள்ளே வரும் வோல்டேஜைக் குறைத்து அளக்கும் அமைப்பில்) நம்பிக்கையாக அளப்பது 0.15 முதல் 2.45 வோல்ட் வரை. 2.45ஐ ஐந்தால் பெருக்கினால் 12.25. அதாவது பேட்டரி நிறைந்திருக்கும், சார்ஜ் ஏறும் பகுதி முழுவதும் ஏடிசி கோணலாக அளக்கும் இடத்தில் போய் விழுகிறது. 15 வோல்டைத் தாண்டியதும் எண் ஏறாமல் முட்டி நின்றுவிடும்.

இரண்டு பேட்டரி வைத்த 24 வோல்ட் வீட்டில் இதே மாட்யூல் ஆபத்து. சார்ஜில் 28.8 வோல்ட் வரும்போது பின்னில் 5.76 வோல்ட் விழும், சிப் போய்விடும். 24 வோல்ட் வீட்டில் மேல் ரெசிஸ்டர் 100, கீழ் ரெசிஸ்டர் 8.2 கிலோ ஓம் வையுங்கள், 28.8 வோல்ட் 2.18 ஆகிவிடும், பெருக்கும் எண் 13.195.

ஈஎஸ்பி8266 என்ற பழைய சிப்பின் ஏ0 பின் 1 வோல்டைத்தான் தாங்கும். நோட்எம்சியு, டி1 மினி போர்டுகளில் ஏற்கெனவே 220, 100 கிலோ ஓம் வைத்து 3.2 வோல்ட் வரை தாங்கும்படி செய்திருப்பார்கள். நீங்கள் போடும் ரெசிஸ்டரோடு அதுவும் சேர்ந்துகொள்வதால் கணக்கு மாறும். அங்கே காகிதக் கணக்கை விட்டுவிட்டு இரண்டு புள்ளித் திருத்தத்தையே நம்புங்கள்.

எண் நிற்காமல் குதிக்கிறது

கீழ் ரெசிஸ்டருக்கு இணையாக 0.1 மைக்ரோ ஃபேரட் செராமிக் கெப்பாசிட்டரைச் சிப்பின் பின்னுக்கு மிக அருகில் சால்டர் செய்யுங்கள். பாதிக் குதிப்பு அதிலேயே அடங்கும். மிச்சத்துக்கு மென்பொருள்: 5 வினாடிக்கு ஒருமுறை அளந்து, 12 அளவுகளின் சராசரியை நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பச் சொல்லுங்கள். நடுவில் ஒற்றை அளவு மட்டும் தாறுமாறாக வந்தால் சராசரியைவிட இடைநிலை ஃபில்டர் (வரிசைப்படுத்தி நடு மதிப்பை எடுப்பது) மேல். கிறுக்கு எண்ணை அது கணக்கிலேயே சேர்க்காது.

அப்படியும் அடங்கவில்லை என்றால் போர்டுக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அதே பேட்டரியிலிருந்து பக் கன்வெர்ட்டர் (வோல்டேஜைக் குறைத்துத் தரும் சின்னச் சுற்று) வழியாகப் போர்டை ஓட்டுவது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அளக்கும் வயரும் ஓட்டும் வயரும் ஒன்றாக இருந்தால், வைஃபை ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் வயரில் சிறு இறக்கம் வரும், அது அளவிலும் ஏறும். அளப்பதற்குத் தனி ஜோடி, ஓட்டுவதற்குத் தனி ஜோடி, இரண்டும் டெர்மினலிலிருந்தே கிளம்பட்டும்.

கரண்ட் போனதும் சென்சாரும் போகிறது

பேட்டரி வேலை செய்யத் தொடங்கும் அந்த நிமிடத்திலேயே கண் மூடிக்கொள்ளும் கண்காணிப்பால் பயனில்லை. அதனால் இதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். போர்டுக்கு எந்தக் கோளாறும் இருக்காது. ரவுட்டர் இன்வெர்ட்டர் லைனில் இல்லை, அல்லது ஹோம் அசிஸ்டன்ட் ஓடும் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி இல்லை, அவ்வளவுதான். வயரிங் செய்தபோது ஹாலில் எந்த பிளக் பாயின்ட் இன்வெர்ட்டருக்குப் போனது என்று யாருக்கும் நினைவிருக்காது. மெயினை அணைத்துவிட்டு ஒவ்வொரு பாயின்டிலும் டெஸ்டர் வைத்துப் பார்த்து, ரவுட்டர், ஃபைபர் இணைப்பின் மோடம், ராஸ்பெர்ரி பை மூன்றையும் இன்வெர்ட்டர் பாயின்டுக்கு மாற்றுங்கள்.

மாற்றிய பிறகும் கரண்ட் போகும் நொடியில் எல்லாம் ரீஸ்டார்ட் ஆகிறதென்றால், இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோடுக்கான ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். அந்த மோடில் பேட்டரிக்குத் தாவும் நேரம் குறையும், ரவுட்டர் அணையாமல் தாக்குப்பிடிக்கும். அதற்கான விலை, லைன் வோல்டேஜ் சற்று இறங்கினாலும் இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தாவிவிடும். லோ வோல்டேஜ் அடிக்கடி வரும் பகுதியில் இது பேட்டரியை வீணாகத் தேய்க்கும். அங்கே ரவுட்டருக்கு மட்டும் சின்ன டிசி யுபிஎஸ் வாங்கி வைப்பதே மேல்.

போர்டு சரியாகக் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை ரீஸ்டார்ட் ஆனால் அதுவும் கோளாறில்லை. ஹோம் அசிஸ்டன்ட் 15 நிமிடம் தொடர்பில் இல்லையென்றால் தன்னைத் தானே ரீஸ்டார்ட் செய்துகொள்வது ஈஎஸ்பிஹோமின் இயல்பு. வேண்டாமென்றால் அந்த நேர வரம்பை 0 ஆக்கிவிடலாம்.

இதற்கு நேர் எதிரான, இதைவிட மோசமான அறிகுறி ஒன்று உண்டு: எண் மாறவே மாறாது, வரைபடத்தில் கோடு தட்டையாகக் கிடக்கும். எம்க்யூடிடி என்ற செய்தி அனுப்பும் முறை வழியாக அனுப்புபவர்களுக்கு இது வரும். போர்டு செத்துப் போனாலும் கடைசியாக வந்த எண்ணையே ஹோம் அசிஸ்டன்ட் காட்டிக்கொண்டிருக்கும். சென்சார் அமைப்பில் காலாவதி நேரம் 180 வினாடி என்று கொடுத்துவிடுங்கள். அதற்குள் புது எண் வராவிட்டால் 'கிடைக்கவில்லை' என்று மாறிவிடும்.

ஃபேன் போட்டதும் வோல்டேஜ் சரிகிறது

லோடு ஏறினால் வோல்டேஜ் இறங்குவது இயல்பு. எவ்வளவு இறங்குகிறது, எந்த இடத்தில் இறங்குகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். 600 வாட் லோடுக்கு இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்துப் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 60 ஆம்பியர் போகிறது. வழியில் எங்காவது 5 மில்லி ஓம் தடை இருந்தால் போதும், 0.3 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். கூடவே 18 வாட் சூடாக மாறும்.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு அளவு போதும். லோடு ஓடிக்கொண்டிருக்கும்போது மல்டிமீட்டரை மில்லி வோல்டுக்கு மாற்றுங்கள். ஒரு முனையை ஈய டெர்மினலின் தலையில், அந்த மங்கிய சாம்பல் உலோகத்திலேயே அழுத்துங்கள். இன்னொரு முனையை அதன்மேல் மாட்டியிருக்கும் கேபிள் லக்கின் (கேபிள் முனையில் உள்ள உலோக வளையத்தின்) செம்பில் வையுங்கள். இரண்டுக்கும் இடைவெளி அரை அங்குலம்கூட இருக்காது. நல்ல இணைப்பில் சில மில்லி வோல்ட்தான் காட்டும். 100, 200 என்று காட்டினால் கோளாறு பேட்டரியில் இல்லை, அந்த அரை அங்குலத்தில் இருக்கிறது. லோடை நிறுத்திய பிறகு புறங்கையை அருகில் கொண்டுபோனாலே அந்த லக் மட்டும் வெதுவெதுப்பாக இருப்பது தெரியும். நெகட்டிவ் பக்கத்திலும் இதையே செய்யுங்கள்.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் இன்வெர்ட்டரை அணைத்து, மெயின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, நெகட்டிவ் லக்கை முதலில் கழற்றுங்கள். செல் மூடிகள் எல்லாம் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு, வெதுவெதுப்பான நீரில் ஆப்பசோடா கரைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். சோடாத் தண்ணீர் ஒரு சொட்டும் செல்லுக்குள் போகக் கூடாது, ஆசிட்டைக் கெடுத்துவிடும். துடைத்து, காயவிட்டு, ஈயம் பளபளக்கும் வரை உப்புத்தாள் போட்டு, லக்கை இறுக்கி முடித்த பிறகு மேலே வாசலின் தடவுங்கள். இறுக்குவதற்கு முன்னால் நடுவில் தடவ வேண்டாம்.

லக்கில் குறையில்லை, டெர்மினலிலேயே வோல்டேஜ் விழுகிறது என்றால் உங்கள் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது. சென்சார் வயரை இன்வெர்ட்டர் பக்க முனையில் மாட்டியிருந்தால் மட்டும் அதைப் பேட்டரி டெர்மினலுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் கேபிளின் இறக்கமும் பேட்டரியின் கணக்கில் சேர்ந்துவிடும்.

12.7 காட்டுகிறது, பேக்கப் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை

இங்கே நாம் முதலில் கேட்க வேண்டியது, அந்த 12.7 எப்போது எடுத்தது என்பதுதான். இன்வெர்ட்டர் வீட்டில் பேட்டரிக்கு ஓய்வே கிடையாது. மெயின் இருக்கும்வரை சார்ஜர் அதைப் பிடித்துக்கொண்டே இருக்கும். அப்போது திரையில் வரும் 13.6 சார்ஜரின் எண், பேட்டரியின் எண் அல்ல. மெயின் போன முதல் சில நிமிடங்களில் வருவதும் நம்பத் தகுந்ததல்ல. சார்ஜ் ஏறிய தட்டுகளின் மேற்பரப்பில் மட்டும் மிச்சமிருக்கும் வோல்டேஜ் அது, வேகமாக வடிந்துவிடும்.

உண்மையான ஓய்வு அளவு வேண்டுமென்றால் சார்ஜை நிறுத்திவிட்டு, லோடையும் எடுத்துவிட்டு, குறைந்தது நான்கு மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு விட வேண்டும். பல இன்வெர்ட்டர்களில் முன்பக்க ஸ்விட்ச் வீட்டுக்குப் போகும் சப்ளையை மட்டும்தான் நிறுத்தும், உள்ளே சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும். மெயின் பிளக்கைப் பிடுங்கினால்தான் நிற்கும்.

ஓய்வு அளவு சரியாக வந்தும் பேக்கப் இல்லையென்றால் பேட்டரியின் கொள்ளளவு சுருங்கிவிட்டது. சுருங்கிய பேட்டரியும் நிறைந்ததும் 12.6 காட்டும், அண்டா போய்ச் சொம்பு வந்தாலும் விளிம்பு வரை நிறைந்திருந்தால் மட்டம் ஒன்றுதானே. ஆகவே வோல்டேஜை மட்டும் பார்க்காமல், தெரிந்த லோடில் அது எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பாருங்கள். மாதத்தில் ஒருநாள், பேட்டரி முழுதாக ஏறியிருக்கும்போது, எப்போதும் ஒரே ஃபேன்களையும் விளக்குகளையும் மட்டும் போட்டு மெயினை அணையுங்கள். பத்தாவது நிமிடத்தில் என்ன வோல்டேஜ், முப்பதாவது நிமிடத்தில் என்ன வோல்டேஜ் என்று ஹோம் அசிஸ்டன்ட் குறித்துவைக்கட்டும். இந்த இரண்டு எண்களும் மாதா மாதம் எப்படி நகர்கின்றன என்பது எந்த சதவீதக் கணக்கையும்விடத் தெளிவாகப் பேட்டரியின் வயதைச் சொல்லும். பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டை ஒட்டி எடுக்கும், பழைய ஃபேன் 75 வாட் வரை எடுக்கும். நடுவில் ஃபேனை மாற்றினால் ஒப்பிட முடியாமல் போய்விடும்.

இந்த ஒப்பீடு பல மாதங்களுக்கு நிற்க வேண்டும் என்றால் ஒன்றைச் சரிபாருங்கள். ஹோம் அசிஸ்டன்ட் விரிவான வரலாற்றை நாம் மாற்றாதவரை 10 நாள்தான் வைத்திருக்கும். சென்சாருக்கு நிலை வகை 'மெஷர்மென்ட்' என்று இருந்தால்தான் மணிக்கணக்கான சராசரியும் உச்சமும் தாழ்வும் நிரந்தரமாகச் சேரும். வினாடிக்கு ஒருமுறை அனுப்பினால் நாளுக்கு 86,400 வரிகள் டேட்டாபேஸில் ஏறும். நிமிடத்துக்கு ஒன்று போதும், 1,440தான்.

பேட்டரியைத் தூக்கிப்போடுவதற்கு முன்னால் ஹைட்ரோமீட்டர் (ஆசிட் அடர்த்தியை அளக்கும் கருவி) வாங்கி ஆறு செல்லையும் தனித்தனியாக அளந்துபாருங்கள். ஐந்து செல் 1.240ஐ ஒட்டி இருந்து, ஒன்று மட்டும் 1.190க்கோ அதற்குக் கீழோ இருந்தால் அந்தச் செல் போய்விட்டது. முழு சார்ஜுக்குப் பிறகும் ஓய்வில் 10.5ஐ ஒட்டியே நின்றால் ஒரு செல் உள்ளுக்குள் ஷார்ட். அப்படிப்பட்ட பேட்டரி சார்ஜில் 14ஐத் தொடாது, சூடாகிக்கொண்டே போகும். அன்றைக்கே கழற்றிவிடுங்கள். நீர் மட்டம் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். கிணற்று நீரோ, ஆர்ஓ நீரோ வேண்டாம்.

24 வோல்ட் வீடுகளில் ஒரு பேட்டரி கெட்டதை இன்னொன்று மறைத்துவிடும். மொத்தம் 25.0 என்று பார்க்க அழகாக இருக்கும், உள்ளே ஒன்று 12.8, இன்னொன்று 12.2. இரண்டு பேட்டரியும் சேரும் நடு இணைப்பிலிருந்து இன்னொரு வயரை எடுத்து, இன்னொரு ஜோடி ரெசிஸ்டர் வழியாக இன்னொரு பின்னுக்குக் கொடுங்கள். இந்த வயருக்கும் ஃபியூஸ் உண்டு. மொத்தத்திலிருந்து இதைக் கழித்தால் மேல் பேட்டரி கிடைக்கும். ஓய்விலும் லோடிலும் இரண்டுக்கும் வித்தியாசம் 0.2 வோல்டைத் தாண்டினால் கவனிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

சதவீதம் தாவித் தாவி மாறுகிறது

வோல்டேஜிலிருந்து நேராகச் சதவீதம் போட்டால் இதுதான் நடக்கும். மிக்ஸி போட்டதும் 40, நிறுத்தியதும் 75. ஓய்வு நிலைக்கான அட்டவணையை லோடு நிலைக்குப் பொருத்துகிறோம். சதவீதம் கட்டாயம் வேண்டுமென்றால் எவ்வளவு கரண்ட் போகிறது, வருகிறது என்று எண்ணத்தான் வேண்டும். 100 ஆம்பியர், 75 மில்லி வோல்ட் ஷன்ட் (கரண்டை அளக்க உதவும் மிகச் சிறிய தடை) ஒன்றை நெகட்டிவ் கேபிளில் சேர்த்து, ஐஎன்ஏ226 சிப்பால் அளக்கலாம். ஐஎன்ஏ219 மாட்யூலோடு வரும் 0.1 ஓம் ஷன்ட் 3.2 ஆம்பியருக்குத்தான், அதன் வழியே இன்வெர்ட்டர் கரண்டை விட்டால் எரிந்துபோகும்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிக்கு மாறியவர்களுக்கு இது இன்னும் கட்டாயம். அதன் வோல்டேஜ் கொள்ளளவின் பெரும்பகுதி முழுவதும் 13.2ஐ ஒட்டியே படுத்திருக்கும். 40 சதவீதமா, 70 சதவீதமா என்று வோல்டேஜைப் பார்த்துச் சொல்ல முடியாது.

எச்சரிக்கை ஓயாமல் அடிக்கிறது, அல்லது அடிக்கவே இல்லை

11.8க்குக் கீழே போனால் சொல் என்று மட்டும் எழுதினால், மோட்டார் ஏதாவது கிளம்பும் நொடியிலெல்லாம் போன் அலறும். 'இரண்டு நிமிடம் தொடர்ந்து கீழே இருந்தால்' என்று சேருங்கள். எல்லைக் கோட்டிலேயே எண் ஆடிக்கொண்டிருந்தால் ஹோம் அசிஸ்டன்டில் உள்ள த்ரெஷோல்டு (எல்லை) ஹெல்பரில் 0.2 வோல்ட் இடைவெளி கொடுங்கள், 11.6ல் எழுந்தால் 12.0ல்தான் அடங்கும்.

அடிக்கவே இல்லை என்றால், எண் சார்ந்த டிரிக்கர் (ஆட்டோமேஷனைத் தூண்டும் விதி) எல்லையைக் கடக்கும் கணத்தில்தான் வேலை செய்யும் என்பதை நினைவில் வையுங்கள். ஏற்கெனவே கீழே இருந்தால் அதற்குச் செய்தி இல்லை. இரண்டு நிமிடக் காத்திருப்பின் நடுவில் ஹோம் அசிஸ்டன்ட் ரீஸ்டார்ட் ஆனால் அந்தக் காத்திருப்பும் அழிந்துபோகும். எனவே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிலையைப் பார்த்துச் சொல்லும் இரண்டாவது ஆட்டோமேஷன் ஒன்று இருக்கட்டும். சென்சார் ஐந்து நிமிடம் 'கிடைக்கவில்லை' என்று இருந்தால் அதற்கும் ஒரு செய்தி வரவேண்டும்.

கடைசியாக, பேட்டரி தீர்ந்து இன்வெர்ட்டர் நிறுத்திக்கொள்ளும்போது ராஸ்பெர்ரி பையும் சட்டென்று சாகும், எஸ்டி கார்டு கெட்டுப்போக இது ஒரு முக்கிய வழி. லோடில் 11.0 வோல்டுக்கு வந்ததும் ஹோம் அசிஸ்டன்டை முறையாக அணைக்கும் ஆட்டோமேஷன் எழுதுங்கள். எழுதும்போது ஒரு சிக்கலை யோசித்துக்கொள்ளுங்கள்: அணைத்த பிறகு, இன்வெர்ட்டர் நிறுத்துவதற்கு முன்பே மெயின் வந்துவிட்டால் பைக்குக் கரண்ட் ஒரு நொடியும் துண்டிக்கப்படவில்லை, அது தானாக எழாது. இதற்காகப் பையின் அடாப்டரை ஈஎஸ்பி32 கட்டுப்படுத்தும் ரிலே வழியாகக் கொடுங்கள். வோல்டேஜ் 13.2ஐத் தாண்டிப் பத்து நிமிடம் நின்று, ஹோம் அசிஸ்டன்டும் தொடர்பில் இல்லையென்றால் மட்டும், ரிலே ஐந்து வினாடி துண்டித்து மறுபடி இணைக்கட்டும். இந்தத் தர்க்கத்தை ஈஎஸ்பிஹோமுக்குள்ளேயே எழுதுங்கள். அந்த நேரத்தில் ஹோம் அசிஸ்டன்ட் தூக்கத்தில் இருக்கும். ரிலேயின், இயல்பில் இணைந்தே இருக்கும் (என்சி) முனையில் இணைத்துவிட்டால், போர்டு பழுதானாலும் பைக்குக் கரண்ட் போய்க்கொண்டிருக்கும். பை 15 நிமிடத்துக்குமேல் அணைந்திருக்கும் என்பதால், மேலே சொன்ன தொடர்பு நேர வரம்பையும் இந்தப் போர்டில் 0 ஆக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் போர்டு ரீஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் அந்தப் பத்து நிமிடக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.